ஒரே உருவம், இரண்டு அமீபா: குடல் ஒட்டுண்ணி பற்றிய நூற்றாண்டு வழக்கு

மனிதப் பெருங்குடலில் வாழும் அமீபாக்களில் எது நோய் தருவது, எது தராதது? கேள்வி பிறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. இதற்குள் குறைந்தது நான்கு விடைகள் பாடநூல்களில் ஏறி இறங்கியிருக்கின்றன. ஆனால் மலப் பரிசோதனைக் கூடங்கள் பலவற்றில் இன்றும் 1903-ஆம் ஆண்டின் பெயரே எழுதப்படுகிறது. கருவியும் அன்றைய நுண்ணோக்கிதான். 'எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா சிஸ்ட் உள்ளது' என்று அறிக்கையில் ஒரு வரி வந்துவிட்டால், வயிற்றுப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெட்ரோனிடசோல் சீட்டு தயாராகிவிடுகிறது. அந்த வரி சொல்லும் செய்தியை நுண்ணோக்கியால் மட்டும் சொல்ல இயலாது என்பது ஒட்டுண்ணியியலில் முப்பது ஆண்டுகளாக ஏற்கப்பட்ட முடிவு. அந்த முடிவுக்கு வர ஏன் இவ்வளவு காலம் பிடித்தது, வந்த பிறகும் எவை தீராமல் நிற்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1980-களில் வால்ஷ் தொகுத்த கணக்கு நெடுங்காலம் மேற்கோளாக இருந்தது: உலகில் ஏறத்தாழ 50 கோடிப் பேர் குடலில் இந்த அமீபா இருக்கிறது, அவர்களில் பத்தில் ஒருவருக்கு மட்டுமே நோய், ஆண்டுக்கு 40,000 முதல் 1,00,000 வரை இறப்பு. இந்தக் கணக்கிலேயே புதிர் அடங்கியிருக்கிறது. மீதி ஒன்பது பேருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

குற்றம் சுமத்தப்பட்ட உயிர்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1875-இல் ஃபியோதர் லோஷ் என்ற மருத்துவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதியிலிருந்து வந்த, சீதபேதியால் வாடிய ஒரு விவசாயியின் மலத்தில் அவர் ஏராளமான அமீபாக்களைக் கண்டார். அந்த மலத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். நான்கில் ஒன்றுக்குக் குடற்புண் வந்தது. ஆனாலும் அமீபாதான் நோயை உண்டாக்கியது என்று அவர் எழுதவில்லை. வேறு காரணத்தால் தொடங்கிய அழற்சியை அமீபா ஆறவிடாமல் நீட்டிக்கிறது என்றே கருதினார். பின்னால் வந்தவர்கள் பலரிடம் இல்லாத நிதானம் இது.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. லோஷுக்குச் சில ஆண்டுகள் முன்பே கல்கத்தாவில் லூயிஸும் கன்னிங்ஹாமும் காலரா நோயாளிகளின் மலத்தில் அமீபாக்களைப் பார்த்திருந்தனர். சீதபேதியே இல்லாதவர் குடலிலும் இவை உண்டு என்பதும் சீக்கிரம் தெரிந்துபோயிற்று. மறுபக்கத்தில், 1883-இல் காலராவை ஆராய எகிப்து சென்ற ராபர்ட் கோக், சீதபேதியால் இறந்தவர்களின் குடற்சுவரில் அமீபாவைக் கண்டார். அலெக்சாண்ட்ரியாவில் கார்டுலிஸ் அந்தத் தடத்தில் மேலும் சென்று, கல்லீரல் சீழ்க்கட்டியோடும் அதைத் தொடர்புபடுத்தினார். 1891-இல் பால்டிமோரில் கவுன்சில்மனும் லாஃப்ளரும் எழுதிய விரிவான நூல், அமீபா சீதபேதி என்ற தனி நோய் உண்டு என்பதை நிலைநாட்டியது. சில ஆண்டுகளில் ஜப்பானில் கியோஷி ஷிகா, சீதபேதிக்கு ஒரு பாக்டீரியாவும் காரணம் என்று காட்டினார். சீதபேதி இரண்டு வழிகளில் வருகிறது. அமீபாவும் ஒருவேளை இரண்டு வகையோ என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

அதற்கு முதல் தெளிவான வடிவம் கொடுத்தவர் ஜெர்மானிய விலங்கியலாளர் ஃபிரிட்ஸ் ஷாடின். 1903-இல் அவர் நோய் தருவதற்கு எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்றும் தராததற்கு எண்டமீபா கோலை என்றும் பெயரிட்டார். (இந்தக் கோலை அமீபா வேறு, இதே பின்பெயருள்ள குடல் பாக்டீரியா வேறு. அறிக்கையைப் பார்க்கும் நோயாளிகள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது உண்டு.) பெயர்கள் நிலைத்தன, அவர் தந்த விளக்கம் நிலைக்கவில்லை. ஹிஸ்டோலிட்டிகா மொட்டுவிட்டு வித்துகளைத் தருகிறது என்று அவர் எழுதியது பிழை. நான்கு உட்கருக்கள் உள்ள சிஸ்டே அதன் பரவும் வடிவம் என்பது அவருக்குப் பிறகே தெளிவானது. 1907-இல் ஃபீரெக் அந்த நான்கு உட்கரு அமீபாவைத் தனி இனமாக எண்ணிப் புதுப்பெயர் சூட்டியதும், அது ஹிஸ்டோலிட்டிகாவேதான் என்று சில ஆண்டுகளில் தெரிந்ததும் இந்தக் குழப்பத்தின் கிளைக்கதை.

மணிலா சிறையில் ஒரு சோதனை

எண்டமீபா கோலை பற்றிய கேள்விக்கு 1913-இல் முடிவு கிடைத்தது. மணிலாவின் பிலிபிட் சிறையில் வாக்கரும் செல்லர்ட்சும் கைதிகளுக்கு அமீபா சிஸ்டுகளை விழுங்கக் கொடுத்தனர். அவர்கள் தன்னார்வலர்கள் என்று பதிவாகியிருக்கிறது. அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த ஒரு காலனிச் சிறையில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் இருந்திருக்கும் என்பதைச் சொல்லாமல் இந்த ஆய்வைக் கடக்கக் கூடாது. எண்டமீபா கோலை கொடுக்கப்பட்ட 20 பேரில் 17 பேருக்குத் தொற்று ஏற்பட்டது; ஒருவருக்கும் நோய் இல்லை. ஹிஸ்டோலிட்டிகா கொடுக்கப்பட்ட 20 பேரில் 18 பேருக்குத் தொற்று. அவர்களில் 4 பேருக்குச் சீதபேதி.

எட்டு உட்கருக்கள் கொண்ட, சற்றுப் பெரிய சிஸ்டுடைய எண்டமீபா கோலை அன்றோடு விடுதலை பெற்றது. ஆனால் அந்த 18-க்கும் 4-க்கும் இடையிலுள்ள 14 பேர்தான் அடுத்த எண்பது ஆண்டு விவாதத்துக்கு விதை. அமீபா ஒன்றே, சிஸ்ட் ஒன்றே, தொற்றும் ஏறக்குறைய எல்லோருக்கும். நோய் மட்டும் சிலருக்கு.

மூன்று விளக்கங்கள்

இங்கிலாந்தில் கிளிஃபர்ட் டோபெல் தந்த விடை கறாரானது. 1919-இல் வெளிவந்த அவருடைய நூல் குடல் அமீபாக்கள் பற்றி ஒரு தலைமுறைக்குச் சட்டநூலாக இருந்தது. ஹிஸ்டோலிட்டிகா திசுவைத் தின்றுதான் வாழும். எனவே அது இருக்கும் ஒவ்வொரு குடலிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு புண்ணாவது இருக்கும். உடல் அதை ஈடுசெய்துவிடுவதால் ஆள் நலமாகத் தெரிகிறார், அவ்வளவுதான் என்றார் அவர். இதன் தர்க்கம் பிசகில்லாதது. விளைவு கடுமையானது: சிஸ்ட் உள்ள எல்லோரும் நோயாளிகள், எல்லோருக்கும் மருந்து. அன்றைய மருந்தான எமெட்டின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த 'எல்லோரும்' என்ற சொல்லின் கனம் புரியும். பலவீனம் என்னவென்றால், சிஸ்ட் இருந்தும் நலமாக இருந்தவர்களின் குடலில் டோபெல் எதிர்பார்த்த புண்கள் தேடியபோதெல்லாம் கிடைக்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் நடந்த மலப் பரிசோதனைகள், வெப்பநாடுகளுக்கே போகாதவர்களிலும் சிஸ்ட் தாங்கிகள் இருப்பதைக் காட்டின. அவர்களில் எவருக்கும் சீதபேதி வந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது விளக்கம் டச்சுக்காரர்களுடையது. சுமத்ராவில் பணியாற்றிய குனெனும் ஸ்வெல்லன்கிரெபலும் 1913-இல் சொன்னது: ஒரே அமீபாவுக்கு இரண்டு வாழ்நிலைகள் உண்டு. குடலின் உள்வெளியில் பாக்டீரியாவைத் தின்று வாழும் சிறிய வடிவம் சாதுவானது. ஏதோ ஒரு தூண்டுதலில் அது பெரிய வடிவமாகித் திசுவுக்குள் நுழைகிறது. இந்த 'ஏதோ ஒரு தூண்டுதல்' உணவா, உடன்வாழும் பாக்டீரியாவா, உடலின் தளர்ச்சியா என்பதற்கு அவரவர் விருப்பப்படி விடை சொன்னார்கள். 1955-இல் பிலிப்ஸ் குழுவினர், நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட கினிப்பன்றிகளுக்கு அமீபாவைச் செலுத்தியபோது அவற்றுக்குக் குடற்புண் வரவில்லை. ஒரே ஒரு வகை பாக்டீரியாவைச் சேர்த்ததும் வந்தது. சூழல்தான் தீர்மானிக்கிறது என்ற கட்சிக்கு இது பெரும் பலம். 1980-கள் வரை பெரும்பாலான பாடநூல்கள் இந்த இரு நிலைக் கோட்பாட்டையே கற்பித்தன.

மூன்றாவது விடையைச் சொன்னவர் பாரிஸின் எமில் புரூம்ப்ட். 1925-இல் அவர், நான்கு உட்கரு சிஸ்ட் உடைய அமீபாவில் இரண்டு தனி இனங்கள் உள்ளன என்றார். ஒன்று சீதபேதி தருவது. மற்றொன்று எண்டமீபா டிஸ்பார், தீங்கற்றது. உருவத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. குளிர்நாடுகளில் சிஸ்ட் தாங்கிகள் ஏராளம், சீதபேதியோ மிக அரிது என்பதும், பூனைக்குட்டிகளில் அவர் செய்த சோதனைகளும்தான் அவருக்கு ஆதாரம்.

சக ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வயலில் நெற்பயிருக்கு நடுவே வளரும் குதிரைவாலிப் புல்லைக் கதிர் வந்த பிறகே அடையாளம் காணும் நிலைதான் இது. நோய் வந்தால் அது ஹிஸ்டோலிட்டிகா, வராவிட்டால் டிஸ்பார் என்றால், அது விளைவைப் பார்த்துக் காரணத்துக்குப் பெயர் வைப்பது. பொய்யென்று நிறுவ வழியில்லாத கருத்தை அறிவியல் ஒதுக்கிவைப்பது நியாயமே. புரூம்ப்டின் விடை சரி என்று பின்னால் தெரிந்ததால், அன்று அவரை மறுத்தவர்கள் அறிவிலிகள் ஆகிவிடமாட்டார்கள். அவரிடம் ஊகம் இருந்தது, அளவுகோல் இல்லை.

இடையில் ஒரு சிறு திருத்தம் மட்டும் நடந்தது. 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவான சிஸ்ட் உடையதை 'ஹிஸ்டோலிட்டிகாவின் சிறு வகை' என்று சொல்லிவந்தவர்கள், 1950-களின் இறுதியில் அதை எண்டமீபா ஹார்ட்மனி என்ற தனி இனமாக ஒப்புக்கொண்டனர். அளவுகோல் இருந்தது, ஆகவே சண்டை இல்லை.

நொதிகள் பேசத் தொடங்கியபோது

1961-இல் அமெரிக்காவின் லூயிஸ் டயமண்ட், வேறெந்த நுண்ணுயிரும் கலக்காமல் ஹிஸ்டோலிட்டிகாவைத் தனியே வளர்க்கும் முறையைக் கண்டார். அதன்பின் அமீபாவின் வேதியியலை நேரடியாக அளக்க முடிந்தது. மெக்சிகோவில் மார்ட்டினஸ்-பலோமோவும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களில் ஒரு வியப்பைக் கண்டனர். கான்கானவலின் ஏ என்ற புரதம், நோயாளியிடமிருந்து எடுத்த அமீபாக்களை ஒட்டித் திரளச் செய்தது. நலமான தாங்கிகளின் அமீபாக்களை அப்படிச் செய்யவில்லை.

1978-இல் லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பீட்டர் சார்ஜன்ட்டும் வில்லியம்சும் வெளியிட்டதுதான் திருப்புமுனை. ஹெக்சோகைனேஸ், பாஸ்போகுளுக்கோமியூட்டேஸ் முதலிய நொதிகளை ஸ்டார்ச் களிமத்தில் மின்புலத்தால் ஓடவிட்டு, அவை நிற்கும் பட்டைகளை ஒப்பிட்டனர். சீதபேதி, கல்லீரல் சீழ்க்கட்டி நோயாளிகளின் அமீபாக்கள் ஒருவிதப் பட்டைக் கோலத்தையும், நலமானவர்களின் அமீபாக்கள் பெரும்பாலும் வேறு கோலத்தையும் காட்டின. இந்தக் கோலக் குழுக்களுக்கு ஜைமோடீம் என்று பெயர். மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று நாடு மாறினாலும் பிரிவு மாறவில்லை. 1986-இல் லண்டனின் ஓரினச்சேர்க்கை ஆண்களிடம் பரவலாகக் கண்ட அமீபாக்கள் எல்லாமே தீங்கற்ற கோலத்தைக் காட்டியபோது, இரு இனக் கருத்து மீண்டும் உயிர்பெற்றது.

எதிர்ப்பும் வலுவாக வந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வகத்தில் டேவிட் மிரெல்மன் குழு, 1986 முதல் ஒரு செய்தியை வெளியிட்டது: தீங்கற்ற கோலமுள்ள அமீபாவை பாக்டீரியா இல்லாத வளர்ப்புக்கு மெல்ல மாற்றியபோது அதன் நொதிக் கோலம் நோய் தருவதாக மாறிவிட்டது. இது உண்மையானால் டச்சுக்காரர்களின் இரு நிலைக் கோட்பாடு நிலைத்துவிடும். ஜைமோடீம் வெறும் சட்டை மாற்றம் ஆகிவிடும். பல ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தன; நம்பகமாக வரவில்லை. வளர்ப்பில் வேறு அமீபா கலந்திருக்கலாம் என்பதே பின்னர் பெரும்பாலோர் ஏற்ற விளக்கம். ஆனாலும் அந்தச் சண்டைக்கு ஒரு பயன் இருந்தது. நொதிப் பட்டை போதாது, மரபணுவையே ஒப்பிட வேண்டும் என்று எல்லோரையும் தள்ளியது அதுதான்.

1989-இல் ஹாம்பர்க்கின் டானிக் குழு, நோய் தரும் அமீபாவின் டி.என்.ஏவும் தராததன் டி.என்.ஏவும் திட்டவட்டமாக வேறுபடுகின்றன என்று காட்டியது. ஒன்றிலிருந்து மற்றொன்று ஓரிரு வாரங்களில் தோன்றிவிடக்கூடிய வேறுபாடு அல்ல அது. 1993-இல் டயமண்டும் கிரஹாம் கிளார்க்கும் இரண்டு இனங்களையும் முறைப்படி மறுவிவரணை செய்து, தீங்கற்றதற்குப் புரூம்ப்ட் வைத்த டிஸ்பார் என்ற பெயரையே திருப்பிக் கொடுத்தனர். 68 ஆண்டு காத்திருப்பு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1997-இல் மெக்சிகோ நகரில் கூடிய உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு நடைமுறையையும் வகுத்தது. நுண்ணோக்கியில் நான்கு உட்கரு சிஸ்ட் தெரிந்தால் 'ஹிஸ்டோலிட்டிகா அல்லது டிஸ்பார்' என்றே எழுத வேண்டும்; டிஸ்பார் மட்டும் என்றால் மருந்து வேண்டாம்; நோய்க்குறி இல்லாவிட்டாலும் உறுதியான ஹிஸ்டோலிட்டிகா இருந்தால் மருந்து தர வேண்டும்.

பழைய கணக்கும் சரிந்தது. அந்த 50 கோடியில் பெரும்பகுதி டிஸ்பார். ஹிஸ்டோலிட்டிகாவின் உண்மையான பரவல் அதைவிட மிகக் குறைவு, இடத்துக்கு இடம் வேறுபாடு அதிகம். இறப்பு எண்ணிக்கை மட்டும் அந்த அளவுக்குச் சரியவில்லை. 2010-க்கான உலக நோய்ச்சுமைக் கணிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 55,000 என்றது.

மூன்றாவது, நான்காவது முகங்கள்

இரண்டாகப் பிரித்ததோடு கதை முடிந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். மாஸ்கோவின் கழிவுநீரில் 1941-இல் கண்டறியப்பட்ட எண்டமீபா மோஷ்கோவ்ஸ்கி என்ற அமீபாவும் அதே உருவம்தான். அது சாக்கடை உயிர், மனிதரிடம் எப்போதாவதுதான் காணப்படும் என்று நெடுநாள் கருதப்பட்டது. 2003-இல் டாக்கா நகரின் மிர்பூர் பகுதிச் சிறுவர்களின் மலத்தைப் பி.சி.ஆர் முறையில் ஆராய்ந்தபோது மோஷ்கோவ்ஸ்கி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரிடம் இருந்தது. புதுச்சேரி ஜிப்மரில் பரிஜாவும் கைர்னாரும் 2005 முதல் செய்த ஆய்வுகளில் அங்குள்ள நோயாளிகளிடமும் அது கிடைத்தது. மூன்று இனங்களையும் ஒரே சோதனையில் பிரிக்கும் பி.சி.ஆர் முறையையும் அவர்கள் உருவாக்கினர். 2012-இல் அதே மிர்பூரில் எண்டமீபா பங்களாதேஷி என்ற இன்னொன்றும் கண்டறியப்பட்டது.

மோஷ்கோவ்ஸ்கி நோய் தருமா? மிர்பூரில் பிறந்தது முதல் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட குழந்தைகளில் அந்தத் தொற்று புதிதாக வந்த சமயத்தில் வயிற்றுப்போக்கும் கூடியது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் அந்தக் குழந்தைகளின் குடலில் ஒரே நேரத்தில் பல கிருமிகள் குடியிருப்பதால் பழியை ஒன்றின்மேல் மட்டும் போடுவது எளிதல்ல. குடலை அரித்துப் பரவும் நோய்க்கு மோஷ்கோவ்ஸ்கியே காரணம் என்பதற்கான சான்று இதுவரை பலவீனம்.

ஹிஸ்டோலிட்டிகாவே இருந்தும் நலமாக இருப்பவர்கள்

இரு இனக் கொள்கை வென்றபோது, மணிலாவின் 14 பேருக்கு விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. பாதிதான் கிடைத்தது. டர்பனில் கதிராமும் ஜாக்சனும், நோய் தரும் ஜைமோடீம் உள்ளவர்களை ஓராண்டு கண்காணித்து 1987-இல் வெளியிட்டனர்: 20 பேரில் 2 பேருக்கு மட்டுமே குடல் நோய் வந்தது, மற்றவர்களிடம் அமீபா தானாகவே மறைந்தது. ஆகவே உறுதிசெய்யப்பட்ட ஹிஸ்டோலிட்டிகாவிலும் பத்தில் ஒன்பது பேர் தப்பிக்கிறார்கள். பழைய கேள்வியே புது உடையில் திரும்பி வந்திருக்கிறது.

இதற்கு மூன்று திசைகளில் விடை தேடுகிறார்கள். அமீபாவின் திரிபுகளில் சில மற்றவற்றைவிடக் கொடியவை என்பது முதல் கட்சி. டி.ஆர்.என்.ஏ மரபணுக்களின் அருகே திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ தொடர்களை வைத்து அலி, கிளார்க் முதலியோர் 2007-இல் செய்த ஆய்வில், திரிபுக்கும் நோயின் வடிவத்துக்கும் தொடர்பு இருப்பது போலத் தெரிந்தது. ஆனால் ஒரே நோயாளியின் கல்லீரலிலும் குடலிலும் வேறு வேறு திரிபு கிடைத்த சம்பவங்கள் உண்டு. ஒற்றைக் 'கொடிய மரபணு' எதுவும் இதுவரை பிடிபடவில்லை.

இரண்டாவது, உடல். மிர்பூரில் ரஷீதுல் ஹக், வில்லியம் பெட்ரி ஆகியோரின் குழந்தை ஆய்வுகள், அமீபாவின் ஒட்டும் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஏ எதிர்ப்புப் பொருள் குடலில் உள்ள குழந்தைகளுக்கு மறுதொற்று குறைவு என்று காட்டின. பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை ஏற்கும் மூலக்கூறில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் தொற்றின் ஆபத்து மாறுகிறது என்று 2011-இல் அதே களத்திலிருந்து வந்த ஆய்வு சொன்னது. சத்துக்குறைவும் தொற்றும் ஒன்றையொன்று வளர்க்கும் என்ற பழைய அனுபவ அறிவுக்கு இங்கே ஒரு மூலக்கூறு கிடைத்திருக்கிறது. ஆண்களுக்கே கல்லீரல் சீழ்க்கட்டி பல மடங்கு அதிகம் என்பதற்கு இன்னும் முழு விளக்கம் இல்லை. ஹார்மோன் என்கிறார்கள் சிலர். மது என்கிறார்கள் சிலர். யாழ்ப்பாண மாவட்டத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட இந்த நோய், பெரும்பாலும் கள்ளும் மதுவும் அருந்தும் ஆண்களுக்கு வருகிறது. 2017-இல் வெளியான ஆய்வு, கட்டியின் சீழிலிருந்து டி.என்.ஏ எடுத்து ஹிஸ்டோலிட்டிகாதான் காரணம் என்று அங்கே முதன்முறையாக மூலக்கூறு அளவில் உறுதிசெய்தது. மது கல்லீரலைத் தளர்த்தி அமீபாவுக்கு இடம் தருகிறதா, குடிக்கும் இடமும் பழக்கமும் தொற்றைத் தருகின்றனவா என்பது தனியே பிரிக்கப்பட வேண்டிய கேள்வி.

மூன்றாவது, உடன்வாழும் பாக்டீரியாக்கள். 1955-இன் கினிப்பன்றிகள் சொன்ன பாடம் இன்று குடல் நுண்ணுயிர்த் தொகுதி ஆய்வு என்ற பெயரில் திரும்பியிருக்கிறது. எந்த பாக்டீரியா அமீபாவைத் தூண்டுகிறது, எது அடக்குகிறது என்று மனிதரில் உறுதியாகச் சொல்ல இன்னும் போதிய ஆதாரம் இல்லை. டச்சுக்காரர்களின் கோட்பாடு டிஸ்பார் விஷயத்தில் தோற்றது. ஹிஸ்டோலிட்டிகாவுக்குள் பார்த்தால் அது முழுக்கப் பிழை என்று சொல்ல முடியவில்லை. இந்த விவாதத்தில் என்னை மிகவும் கவர்வது இந்தத் திருப்பம்தான்.

டிஸ்பார் முற்றிலும் நிரபராதியா?

ஆய்வகத்தில் இரண்டு இனங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஆயுதங்கள் பல பொதுவானவை. ஒட்டும் புரதம் இரண்டிலும் உண்டு. செல்லில் துளையிடும் அமீபாபோர் இரண்டிலும் உண்டு; டிஸ்பாரில் அதன் வீரியம் குறைவு. குடற்சுவரைக் கரைக்கும் நொதிகளில் சிபி5 என்பது ஹிஸ்டோலிட்டிகாவில் முக்கியமானது. டிஸ்பாரில் அது செயல்படும் நிலையில் இல்லை. உயிருள்ள செல்லைச் சிறு சிறு துண்டாகக் கடித்து விழுங்கிக் கொல்வது ஹிஸ்டோலிட்டிகாவின் வழி என்று 2014-இல் ரால்ஸ்டன் குழு காட்டியபோது, புரதமும் நொதியும் மட்டும் கதை அல்ல என்பதும் தெரிந்தது.

பிரேசிலிலும் மெக்சிகோவிலும் சில ஆய்வாளர்கள், சில டிஸ்பார் திரிபுகள் வெள்ளெலியின் கல்லீரலில் புண் உண்டாக்குகின்றன, நோயாளிகளின் சீழிலும் டிஸ்பாரின் டி.என்.ஏ கிடைக்கிறது என்று வாதிடுகின்றனர். இதை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. அவசரப்பட்டு ஏற்கவும் வேண்டியதில்லை. வெள்ளெலியின் கல்லீரலில் நேரடியாக ஊசியால் செலுத்துவது மனிதக் குடலில் இயல்பாக வாழ்வதற்கு ஈடாகாது. கலப்புத் தொற்றையும் பி.சி.ஆர் மாசையும் முழுதாக விலக்குவது கடினம். இன்றைய சான்றின்படி, மனிதரில் டிஸ்பாரால் மட்டுமே குடலரிப்பு நோய் வந்ததென்று ஐயமின்றி நிறுவப்படவில்லை.

ஆய்வகத்தில் நடப்பது

இத்தனை தெளிவும் மருத்துவமனையின் மலப் பரிசோதனை மேசைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நுண்ணோக்கி சொல்லக்கூடியது குறைவு: நான்கு உட்கரு சிஸ்ட் இருந்தால் ஹிஸ்டோலிட்டிகா, டிஸ்பார், மோஷ்கோவ்ஸ்கி, பங்களாதேஷி நான்கில் ஏதோ ஒன்று. இரத்தச் சிவப்பணுவை விழுங்கிய உயிர்த்துடிப்புள்ள அமீபா சீதபேதி நோயாளியிடம் தெரிந்தால் ஹிஸ்டோலிட்டிகா என்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். ஆனால் டிஸ்பாரும் எப்போதாவது சிவப்பணுவை விழுங்கும். மலத்தில் வரும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுவை அமீபா என்று தவறாகக் காண்பதும் நடக்கிறது. ஆன்டிஜென் சோதனைகளில் சில மட்டுமே ஹிஸ்டோலிட்டிகாவைப் பிரித்துக் காட்டும். அதற்கும் புதிய, ஃபார்மலின் சேர்க்காத மலம் தேவை. பி.சி.ஆர் மிகத் துல்லியம். ஆனால் பெருநகரங்களுக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தேடும் சோதனை கல்லீரல் சீழ்க்கட்டியில் உதவும். தொற்று பரவலாக உள்ள ஊர்களில் பழைய தொற்றின் எதிர்ப்புப் பொருளும் ஆண்டுக்கணக்கில் நிற்பதால் அதன் மதிப்பு குறைகிறது.

தவறான முடிவு இரண்டு பக்கமும் வெட்டும். இந்தியாவில் 'நாள்பட்ட அமீபியாசிஸ்' என்று பலமுறை மருந்து சாப்பிட்ட நோயாளிகளில் பலருக்கு உண்மையில் இருந்தது குடல் எரிச்சல் நோய். 1997-இல் லான்செட் இதழில் இந்திய மருத்துவர் குழு ஒன்று, சீதபேதி இல்லாத குடல் அமீபியாசிஸ் என்று ஒன்றே கிடையாது என்று வாதிட்டது. கூற்று சற்று மிகை, ஆனால் திசை சரி. மறுபக்கம், உண்மையான அமீபா குடற்புண்ணைத் தானெதிர்ப்புக் குடற்புண் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் 'எல்லாம் டிஸ்பார்தான், விட்டுவிடலாம்' என்ற புதுச் சோம்பலும் பழைய அவசரத்துக்குக் குறைந்ததல்ல. இன்னொன்றும் உண்டு: மெட்ரோனிடசோல் திசுவிலுள்ள அமீபாவைக் கொல்லும், குடலுள்வெளியிலுள்ள சிஸ்டை நம்பகமாக நீக்காது. உண்மையான ஹிஸ்டோலிட்டிகா நோயாளிக்கு அதன் பிறகு டைலோக்சனைட் அல்லது பரோமோமைசின் தர வேண்டும். பலருக்கு அது தரப்படுவதில்லை.

இன்றைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இரண்டு இனங்கள் உண்டு என்பதில் ஐயமில்லை; அவற்றில் ஒன்று நோய் தரக்கூடியது, எப்போதும் தருவதில்லை. அது எப்போது தரும் என்பது திரிபு, உடல், பாக்டீரியா மூன்றில் எதனால் எந்த அளவுக்கு என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மோஷ்கோவ்ஸ்கியின் வழக்கு விசாரணையிலேயே நிற்கிறது. பி.சி.ஆர் எல்லா ஊருக்கும் வர நாளாகும். ஆனால் நான்கு உட்கரு சிஸ்டைப் பார்த்ததும் 'ஹிஸ்டோலிட்டிகா' என்று எழுதாமல், 1997-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டபடி 'ஹிஸ்டோலிட்டிகா அல்லது டிஸ்பார்' என்று எழுத ஆய்வகங்களுக்குப் புதுக்கருவி எதுவும் வேண்டாம்; ஒரு பைசா செலவும் இல்லை. அதை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.